உணவகச் சங்கிலியின் கார்பன் கணக்கு: உறுதிமொழியை எங்கே தேடுவது?

பெரிய உணவகச் சங்கிலி எதுவானாலும் அதன் காலநிலை அறிக்கையைத் திறந்ததும் கண்ணில் படுபவை கூரை மேல் சோலார் தகடுகள், எல்இடி விளக்குகள், காகித ஸ்ட்ரா. மூன்றுமே செய்ய வேண்டியவைதான், குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அந்த நிறுவனத்தின் உமிழ்வில் பெரும்பங்கு இந்தப் படங்களுக்குள் வராது. அது கொள்முதல் பிரிவின் ரிஜிஸ்டரில் இருக்கிறது. ஆண்டுக்கு எத்தனை டன் மாட்டிறைச்சி, எத்தனை டன் சீஸ், எத்தனை லிட்டர் பால் என்ற வரிகளைப் பார்த்தால்தான் தெரியும்.

அதனால், இப்படிப்பட்ட நிறுவனம் “2030-க்குள் இவ்வளவு குறைப்போம், 2050-க்குள் நிகர பூஜ்யம்” என்று அறிவித்தால், அது உண்மையிலேயே நடக்கிறதா என்று சோதிக்க மூன்று ஆவணங்கள் போதும் என்பது என் கருத்து. மெனு, கிளைகளுக்கான உபகரணப் பட்டியல், சப்ளையர் ஒப்பந்தம். உறுதிமொழி எடுத்த பிறகும் இந்த மூன்றில் ஒரு வரிகூட மாறவில்லை என்றால், மாறியது அறிக்கையின் அட்டைப்படம் மட்டும்தான்.

ஒரு கிளையின் கணக்கு

எண்களாகப் பார்த்தால் எளிதில் பிடிபடும். பர்கரும் பொரித்த கோழியும் விற்கும் நடுத்தரக் கிளை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆண்டுக்கு 2 லட்சம் யூனிட் மின்சாரம், 7 டன் எல்பிஜி. மின்கட்டமைப்பு ஒரு யூனிட்டுக்கு அரை கிலோ கார்பன் டை ஆக்சைடு உமிழ்கிறது என்று வைத்தால் மின்சாரத்தின் பங்கு 100 டன். ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் கிட்டத்தட்ட 3 கிலோ வெளியாகும், ஆகவே அடுப்பின் பங்கு 21 டன். குளிர் அறையிலிருந்து ஒன்றரை கிலோ ஆர்-404ஏ வாயு கசிந்தால் இன்னொரு 6 டன். கூட்டினால் 127 டன். கிளை மேலாளரின் கைக்கு எட்டுவது இவ்வளவுதான்.

இனி உணவுக்கு வருவோம். 2018-ல் வெளியான பூர், நெமெசெக் இருவரின் ஆய்வு 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் தரவைத் தொகுத்தது. அதன் உலக சராசரிப்படி ஒரு கிலோ கோழிக்கு ஏறத்தாழ 10 கிலோ, சீஸுக்கு 24 கிலோ, பாம் எண்ணெய்க்கு 7 கிலோ, உருளைக்கிழங்குக்கு அரை கிலோவுக்கும் குறைவு. எல்லா வாயுக்களையும் கார்பன் டை ஆக்சைடுக்கு இணையாக மாற்றிய எடை இது. நம் கிளை ஆண்டுக்கு 15 டன் கோழி, 4 டன் சீஸ், 3 டன் எண்ணெய், 30 டன் உருளைக்கிழங்கு வாங்கினால் மொத்தம் சுமார் 280 டன். மாட்டிறைச்சி 10 டன், அதாவது நாளொன்றுக்கு 27 கிலோ. அது பால்பண்ணையிலிருந்து கழித்துவிடப்பட்ட மாடுகளின் இறைச்சி என்றால் கிலோவுக்கு 33 கிலோ வீதம் 333 டன்.

உணவு 613 டன், எரிசக்தியும் குளிர்பதனமும் 127 டன். ஆறில் ஐந்து பங்கு சமையலறைக்குள் நுழையும் முன்பே உமிழப்பட்டுவிட்டது. பேக்கேஜிங், போக்குவரத்து, குப்பை ஆகியவற்றைச் சேர்த்தாலும் இந்தப் படம் பெரிதாக மாறாது. காகித ஸ்ட்ரா பற்றி இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை.

அந்த 10 டன்னும் இறைச்சிக்காகவே வளர்க்கப்பட்ட மந்தையிலிருந்து வந்தால்? அதே ஆய்வின் சராசரி கிலோவுக்கு 99 கிலோ. மாட்டிறைச்சி மட்டுமே 990 டன் ஆகிவிடும். எந்த மாடு என்ற ஒரே ஒரு தரவால் கணக்கு 650 டன் தாவுகிறது. அந்தக் கிளையின் மொத்த எரிசக்தி உமிழ்வைப் போல ஐந்து மடங்கு. சங்கிலியின் தலைமையகத்தில் கார்பன் கணக்கு போடுபவர் தூக்கம் கெட வேண்டியது மின்கட்டண ரசீதுக்காக அல்ல, கணக்குத் தாளின் இந்த ஒரு கட்டத்துக்காக.

கணக்கில் வழக்கமாக நடக்கும் தவறுகள்

முதல் தவறு, எடையை விட்டுவிட்டுச் செலவை வைத்துக் கணக்கிடுவது. கொள்முதல் மென்பொருளில் தொகை சுலபமாகக் கிடைக்கும். எடை கிடைப்பது கஷ்டம், ஏனென்றால் பில்லில் “கார்ட்டன் 12” என்றுதான் இருக்கும். ஆகவே “இத்தனை ரூபாய்க்கு இத்தனை கிலோ உமிழ்வு” என்ற காரணியால் பெருக்கிவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு இறைச்சி விலை 20 சதவீதம் ஏறினால், ஒரு கிலோகூடக் கூடுதலாக வாங்காமலேயே உமிழ்வு 20 சதவீதம் ஏறியதாகக் காட்டும். கொள்முதல் மேலாளர் பேரம் பேசி விலையைக் குறைத்தால் அது காலநிலைச் சாதனை ஆகிவிடும்! அலுவலக நாற்காலிக்கும் விளம்பரச் செலவுக்கும் இந்த முறை பரவாயில்லை. இறைச்சி, பால், எண்ணெய், தானியம், காபி ஆகியவற்றுக்கு ஒவ்வொரு சரக்குக் குறியீட்டுக்கும் நிகர எடையை உட்கார்ந்து நிரப்புவதைத் தவிர வேறு வழியில்லை. ஆயிரம் குறியீடுகள் இருந்தாலும் மேல்தட்டு 50, 60 குறியீடுகளை முடித்தாலே எடையில் பெரும்பகுதி வந்துவிடும்.

இரண்டாவது, எந்த எடை என்று பார்க்காமல் பெருக்குவது. மாட்டுக்கு உயிர் எடை, அறுத்துத் தோலுரித்த எடை, எலும்பு நீக்கிய எடை என்று மூன்று உண்டு. சங்கிலி வாங்குவது எலும்பு நீக்கியது. பல தேசியத் தரவுத்தளங்கள் தரும் காரணி அறுத்த எடைக்கு. அறுத்த எடையில் சுமார் 70 சதவீதம்தான் எலும்பில்லா இறைச்சியாகத் தேறும் என்பதால், அப்படியே பெருக்கினால் உமிழ்வு ஏறத்தாழ 30 சதவீதம் குறைத்துக் காட்டப்படும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் இந்தப் பிழை நிறுவனத்துக்குச் சாதகமான பக்கமே சாய்வதால் யாரும் தேடிக் கண்டுபிடிப்பதும் இல்லை.

மூன்றாவது, மீத்தேன். அதன் நூறாண்டு வெப்பத்திறன், அதாவது அதே எடை கார்பன் டை ஆக்சைடைப் போல எத்தனை மடங்கு புவியைச் சூடாக்கும் என்ற எண், ஐநாவின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி-யின் நான்காம் அறிக்கையில் 25, ஐந்தாம் அறிக்கையில் 28, ஆறாம் அறிக்கையில் உயிரின மூலத்துக்கு 27. அடிப்படை ஆண்டை ஒரு பதிப்பிலும் நடப்பு ஆண்டை இன்னொன்றிலும் போட்டால் இல்லாத மாற்றம் ஒன்று முளைக்கும். இருபது ஆண்டுக் கணக்கில் மீத்தேனின் எண் 80-ஐ ஒட்டி வருகிறது. மாட்டிறைச்சியும் பாலும் நிறைந்த மெனுவுக்கு இதுவும் தெரிந்திருக்க வேண்டிய எண், ஆனால் அறிக்கைகளில் அநேகமாகத் தலைகாட்டாது.

காடழிப்பு இதையெல்லாம் விடச் சிக்கல். காட்டை அழித்து உருவான மேய்ச்சல் நிலம், சோயா வயல், பாம் தோட்டம் ஆகியவற்றிலிருந்து வந்த பொருளுக்கு நில மாற்ற உமிழ்வையும் சேர்க்க வேண்டும். கோழி வாங்கும் நிறுவனம் “நாங்கள் சோயா வாங்குவதில்லை” என்று சொல்ல முடியாது, கோழி தின்றது சோயா. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டுக் காடழிப்பு விதி 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தின் பொருளை விலக்கி, கால்நடை, சோயா, பாம், காபி, கோகோ, ரப்பர், மரம் என ஏழு பொருள்களுக்கு விளைநிலத்தின் ஆயத்தொலைவையே கேட்கிறது. அந்தத் தரவு கையில் இருந்தால் கார்பன் கணக்கும் தானாகவே கூர்மையாகும்.

யாருடைய உமிழ்வு?

பசுங்குடில் வாயு நெறிமுறை என்ற பொதுக் கணக்கு முறை உமிழ்வை மூன்று ஸ்கோப்களாகப் பிரிக்கிறது. சொந்த அடுப்பு, சொந்தக் குளிர்பதனக் கசிவு ஸ்கோப் 1. வாங்கிய மின்சாரம் ஸ்கோப் 2. மற்றதெல்லாம் ஸ்கோப் 3, அதில் 15 வகைகள். உணவகத் துறையில் கவனிக்க வேண்டியவை முதல் வகையான வாங்கிய பொருட்கள், பதினான்காம் வகையான ஃபிரான்சைஸ்.

ஃபிரான்சைஸ்தான் இங்கே கதையை வளைக்கிறது. மெக்டொனால்ட்ஸ் கிளைகளில் ஏறத்தாழ 95 சதவீதம் உரிமக் கிளைகள். கடையின் அடுப்பும் மின் இணைப்பும் உரிமம் எடுத்தவர் பெயரில் இருக்கின்றன. ஒரு சங்கிலி தன் சொந்தக் கிளைகள் நூறை உரிமதாரர்களுக்கு விற்றுவிட்டால் மறுநாளே அதன் ஸ்கோப் 1, 2 உமிழ்வு சரிந்துவிடும். ஒரு அடுப்பும் அணையவில்லை, உமிழ்வு ஸ்கோப் 3-க்குக் குடிபோனது, அவ்வளவுதான். அதனால் “எங்கள் சொந்தச் செயல்பாடுகளில் 40 சதவீதம் குறைத்தோம்” என்ற வரியைப் பார்த்தால், அதே காலத்தில் சொந்தக் கிளைகளின் எண்ணிக்கை என்ன ஆனது என்று ஆண்டறிக்கையில் பார்ப்பது நல்லது. இப்படிக் கைமாறும்போது அடிப்படை ஆண்டையும் திருத்தி எழுத வேண்டும். நிறுவனங்களின் காலநிலை இலக்குகளைச் சரிபார்க்கும் அறிவியல் அடிப்படை இலக்கு முன்முயற்சி, சுருக்கமாக எஸ்பிடிஐ, இதற்கு 5 சதவீத மாற்றத்தை எல்லையாக வைத்திருக்கிறது.

“உரிமதாரர்கள் சுதந்திரமான வியாபாரிகள், அவர்களை நாங்கள் கட்டாயப்படுத்த முடியாது” என்று தலைமையகங்கள் சொல்வதை நான் பாதிதான் ஏற்பேன். பச்சை மின்சாரம் வாங்கு என்று கட்டளையிட முடியாமல் போகலாம். ஆனால் எந்த மாடல் ஃபிரையர் வைக்க வேண்டும், எந்த சப்ளையரிடம் இறைச்சி வாங்க வேண்டும், பர்கருக்குள் எத்தனை கிராம், பொரித்த கிழங்கை எத்தனை நிமிடத்தில் கொட்ட வேண்டும் என்று அத்தனையும் தலைமையகமே எழுதித் தருகிறது. உமிழ்வில் ஆறில் ஐந்து பங்கு இருக்கும் இடத்தில் அவர்கள் பிடி இரும்புப்பிடி.

உறுதிமொழியின் வகுத்தியைப் பாருங்கள்

2018 மார்ச்சில் மெக்டொனால்ட்ஸ் எஸ்பிடிஐ ஒப்புதல் பெற்ற இலக்கை அறிவித்தது. உணவகத் துறையில் அதுதான் முதல். 2015-ஐ அடிப்படையாகக் கொண்டு 2030-க்குள் உணவகங்கள், அலுவலகங்களின் உமிழ்வில் 36 சதவீதம் குறைப்பு, சப்ளை சங்கிலியின் உமிழ்வுச் செறிவில் 31 சதவீதம் குறைப்பு. உரிமக் கிளைகளையும் உணவகங்கள் என்ற கணக்கில் சேர்த்தது பாராட்ட வேண்டியது. மாட்டிறைச்சி, உணவக எரிசக்தி, பேக்கேஜிங், கழிவு இவை சேர்ந்து தன் உமிழ்வில் சுமார் 64 சதவீதம் என்றும் அப்போதே சொன்னது. பிறகு 2021-ல் 2050-க்கான நிகர பூஜ்யத்தையும் அறிவித்தது.

இரண்டு இலக்குகளில் முதலாவது மொத்த அளவு. இரண்டாவது ஒரு டன் உணவு, பேக்கேஜிங்குக்கு இவ்வளவு என்ற செறிவு. இந்த வித்தியாசத்தைக் கணக்குப் போட்டால்தான் உறைக்கும். ஏதோ ஒரு சங்கிலி ஆண்டுக்கு 3 சதவீதம் கூடுதலாக உணவு வாங்கி வளர்கிறது என்று வைப்போம். 15 ஆண்டில் கொள்முதல் 1.56 மடங்கு ஆகிவிடும். செறிவு 31 சதவீதம் குறைந்தாலும் 1.56-ஐ 0.69-ஆல் பெருக்கினால் 1.07-க்கு மேல். இலக்கு நூறு சதவீதம் நிறைவேறிய நாளில் வளிமண்டலத்துக்குப் போகும் வாயு 7 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கும். 15 ஆண்டில் கொள்முதல் 45 சதவீதத்துக்கு மேல் வளரும் எந்த நிறுவனத்துக்கும் இதே கதிதான். செறிவு இலக்கை நான் ஒதுக்கிவிடச் சொல்லவில்லை, பண்ணை அளவில் முன்னேற்றத்தைப் பார்க்க அது உதவும். மொத்த டன் எண்ணை அதன் பக்கத்திலேயே அச்சிடாதபோதுதான் சந்தேகம் வருகிறது.

மெக்சிகோ பாணி உணவு விற்கும் அமெரிக்கச் சங்கிலியான சிப்போட்லே 2021-ல் வேறு வழியில் போனது. 2019-ஐ அடிப்படையாக வைத்து மூன்று ஸ்கோப்களிலும் மொத்த அளவில் 50 சதவீதம், 2030-க்குள். அமெரிக்காவிலும் கனடாவிலும் கிளைகளைத் தானே நடத்தும் நிறுவனம் என்பதால் அதற்கு ஒளிய இடமும் குறைவு. ஸ்டார்பக்ஸ் 2020-ல் அறிவித்ததும் 2030-க்குள் 50 சதவீதம்தான். அங்கே மாட்டிறைச்சியின் இடத்தைப் பால் பிடித்துக்கொள்கிறது. வேகமாக வளரும் சங்கிலிக்கு மொத்த அளவு இலக்கு மிகக் கடினம். கிளைகள் ஒன்றரை மடங்கானால், 50 சதவீதக் குறைப்புக்கு ஒவ்வொரு கிளையும் மூன்றில் இரண்டு பங்கைக் குறைக்க வேண்டும்.

எஸ்பிடிஐ விதிகளில் ஐந்து எண்களை நினைவில் வைத்தால் எந்த அறிக்கையையும் உரசிப் பார்க்கலாம். ஸ்கோப் 1, 2-க்கு, புவி வெப்ப உயர்வை 1.5 டிகிரியில் நிறுத்தும் பாதை என்றால் ஆண்டுக்கு அடிப்படை அளவில் 4.2 சதவீதக் குறைப்பு. ஸ்கோப் 3 மொத்தத்தில் 40 சதவீதத்தைத் தாண்டினால் அதற்கும் இலக்கு கட்டாயம், குறுகிய கால இலக்கு அதில் 67 சதவீதத்தையாவது தழுவ வேண்டும். உணவகச் சங்கிலி எதுவும் அந்த 40-க்குக் கீழே இருக்க வாய்ப்பில்லை. 2022-ல் வந்த நில, வேளாண் வழிகாட்டுதல் பண்ணை சார்ந்த உமிழ்வுக்குத் தனி இலக்கு கேட்கிறது, அதன் பொதுப் பாதை ஆண்டுக்கு 3.03 சதவீதம். கடைசியாக நிகர பூஜ்யம் என்றால் பண்ணை சாராத உமிழ்வில் 90 சதவீதம் அளவுக்கு உண்மையான குறைப்பு, எஞ்சியதை மட்டுமே வளிமண்டலத்திலிருந்து நிரந்தரமாக அகற்றிச் சமன் செய்யலாம். மரம் நட்டுச் சான்று வாங்கி இடைக்கால இலக்கை எட்டியதாகக் காட்ட முடியாது.

அடிப்படை ஆண்டையும் ஒரு பார்வை பாருங்கள். 2020-ல் ஊரடங்கால் பல கிளைகள் மூடிக்கிடந்தன. அதை அடிப்படையாக வைத்தவர் தன் கழுத்தில் தானே கயிறு மாட்டிக்கொண்டார். அதோடு ஒப்பிட்டு 2021-ல் “ஒரு கிளைக்கான உமிழ்வு” குறைந்ததாகச் சொன்னால் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பில்லை.

மின்சாரத்துக்கு இரண்டு கணக்கு உண்டு. கிளை இருக்கும் பகுதியின் மின்கட்டமைப்பைப் பொறுத்தது ஒன்று, வாங்கிய பசுமை மின்சாரச் சான்றுகளையும் ஒப்பந்தங்களையும் பொறுத்தது இன்னொன்று. பசுங்குடில் வாயு நெறிமுறையின் 2015 வழிகாட்டுதல் இரண்டையும் வெளியிடச் சொல்கிறது. இரண்டாவது பூஜ்யத்தைத் தொட்டு முதலாவது ஏறிக்கொண்டே போனால், நிறுவனம் சான்று வாங்கியிருக்கிறது, மின்சாரத்தைச் சேமிக்கவில்லை என்று பொருள். புதிய காற்றாலையோ சோலார் நிலையமோ உருவாகக் காரணமான நீண்டகால ஒப்பந்தம் வேறு, ஏற்கெனவே ஓடும் அணை மின்நிலையத்தின் மலிவுச் சான்று வேறு.

சமையலறைக்குள்

ஆறில் ஒரு பங்குதானே என்று விட்டுவிட முடியாது. பணம் உடனே மிச்சமாகும் இடம் இது.

முதலில் குளிர்பதனம். ஆர்-404ஏ வாயுவின் வெப்பத்திறன் 3,922. ஒரு கிலோ கசிந்தால் கிட்டத்தட்ட 4 டன் கார்பன் டை ஆக்சைடு. கசிவைக் கணக்கிட மீட்டர் வேண்டாம், மெக்கானிக்கின் சர்வீஸ் பில் போதும். ஓர் ஆண்டில் எத்தனை கிலோ வாயு ஏற்றினார்களோ அத்தனை கிலோ கசிந்திருக்கிறது. பிரச்சினை எங்கே என்றால் பில்லில் “கேஸ் சார்ஜ்” என்று தொகை மட்டும் இருக்கும், எடையும் வாயுவின் பெயரும் இருக்காது. எடை எழுதாத பில்லுக்குப் பணம் கிடையாது என்று பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் அடுத்த மாதமே தரவு வந்துவிடும். அதே ஒப்பந்தத்தில், கசிவை அடைக்காமல் இரண்டாம் முறை வாயு ஏற்றக் கூடாது என்றும் எழுதலாம். ஃபிளேர் இணைப்பு, வால்வு மூடி, அதிர்வில் தேயும் செப்புக் குழாய், இந்த மூன்று இடங்களில்தான் முதலில் தேட வேண்டும்.

பழைய குளிர் அறையைக் கழற்றும் நாள் இன்னும் ஆபத்து. உள்ளே இருக்கும் 10 கிலோவை உறிஞ்சி உருளையில் அடைக்காமல் திறந்துவிட்டால் 39 டன், நம் கிளையின் ஐந்து மாத மின்சாரத்துக்குக் கிட்டத்தட்ட சமம். புதிதாக வாங்கும்போது சிறிய பெட்டிகளுக்கு ஆர்-290, அதாவது புரோப்பேன். அதன் அளவு வரம்பு சர்வதேசத் தரத்தில் 150 கிராமாக இருந்து 2019-ல் 500 கிராமாக உயர்ந்ததால் பெரிய கண்ணாடிப் பெட்டிகளுக்கும் இப்போது அது சாத்தியம். பெரிய அமைப்புகளுக்குக் கார்பன் டை ஆக்சைடையே குளிர்பதன வாயுவாக வைக்கலாம், அதன் வெப்பத்திறன் 1. ஆனால் அதன் அழுத்தம் மிக அதிகம், பயிற்சி பெற்ற மெக்கானிக் கிடைக்காத ஊரில் இதை நிறுவுவது தலைவலி.

அடுத்தது எக்ஸாஸ்ட். காலையில் போட்டால் இரவு வரை முழு வேகத்தில் ஓடும், சமையல் நடந்தாலும் நடக்காவிட்டாலும். விசிறியின் மின்தேவை வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்சாரம் 51 சதவீதம்தான் செலவாகும். புகையையும் வெப்பத்தையும் உணர்ந்து வேகத்தைத் தானாக மாற்றும் அமைப்பு இதற்காகவே வந்தது. பொருத்திய பிறகு கெட்டுப்போவது இரண்டு காரணங்களால். ஒன்று, வெளியேற்றும் விசிறி மெதுவாகும்போது உள்ளே காற்றைத் தள்ளும் விசிறியும் சேர்ந்து மெதுவாக வேண்டும். இரண்டையும் இணைக்காவிட்டால் புகையும் வாடையும் சாப்பாட்டு மண்டபத்துக்கு வரும், ஊழியர் எரிச்சலில் கையால் முழு வேகத்துக்குத் திருப்பிவிடுவார், அதோடு திட்டம் முடிந்தது. இரண்டு, உணரி மேல் எண்ணெய்ப் படலம். சுத்தம் செய்யும் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டும். செலவே இல்லாத வேலையும் ஒன்று உண்டு. அதிக வெப்பம் விடும் கிரில்லைப் புகைக்கூண்டின் ஓரத்தில் வைக்காமல் நடுவில் வைத்து, சுவரோடு ஒட்டித் தள்ளினால் குறைந்த காற்றே புகையைப் பிடித்துவிடும்.

அடுப்பை எரிவாயுவிலிருந்து இண்டக்‌ஷனுக்கு மாற்றுவதைப் பற்றி இரு தரப்பும் மிகைப்படுத்துகிறார்கள். எல்பிஜியில் ஒரு யூனிட் வெப்பத்துக்கு 227 கிராம் கார்பன் டை ஆக்சைடு. பர்னரில் 40 சதவீதம்தான் பாத்திரத்துக்குப் போகிறது என்றால் பயன்படும் யூனிட்டுக்கு 570 கிராம். இண்டக்‌ஷனில் 85 சதவீதம் போகும். ஆகவே மின்கட்டமைப்பு யூனிட்டுக்குச் சுமார் 480 கிராமுக்குக் கீழே இருந்தால் மாற்றிய அன்றே லாபம். அதற்கு மேல் இருந்தால் முதல் சில ஆண்டுகள் நட்டம், கட்டமைப்பு தூய்மையாகும்போது லாபம். பர்னர் மோசமானதாக இருந்து 32 சதவீதம்தான் தேறினால் அந்த எல்லை 600 கிராமுக்கு உயரும். சமையலறை குளிர்ச்சியாவதால் ஏசி, எக்ஸாஸ்ட் இரண்டிலும் கிடைக்கும் மிச்சம் இந்தக் கணக்கில் இல்லை. இன்று எரிவாயுக் குழாயோடு திறக்கும் கிளை அந்த உபகரணங்களை 10, 15 ஆண்டு ஓட்டும் என்பதால், புதிய கிளைகளின் உபகரணப் பட்டியலை மாற்றுவதே முதல் வேலை. ஓடும் கிளையில் மின்சுமை அனுமதி, டிரான்ஸ்ஃபார்மர் என்று செலவு நீளும். அதைப் புதுப்பிக்கும் ஆண்டுக்குத் தள்ளி வைக்கலாம்.

எங்கே தொடங்குவது என்று தெரியாத கிளையில் அதிகாலை 3 மணி மின்பளுவைப் பாருங்கள். குளிர்பதனம் தவிர வேறு எதுவும் ஓடக் கூடாத நேரம் அது. அதற்கு மேல் இருப்பதெல்லாம் யாரோ அணைக்க மறந்தது. திறக்கும்போது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடும் பழக்கமும் இதே வரைபடத்தில் செங்குத்தாகத் தெரியும். ஃபிரையர் சூடாகப் பதினைந்து நிமிடம் போதும்போது இரண்டு மணி நேரம் முன்பே போட்டு வைப்பார்கள்.

கழிவை எடை போடுங்கள்

ஐநா சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கைப்படி 2022-ல் உலகம் வீணடித்த உணவு 105 கோடி டன், அதில் உணவகம் உள்ளிட்ட உணவுச் சேவைத் துறையின் பங்கு 28 சதவீதம். குப்பைத்தொட்டிக்குப் போகும் ஒரு கிலோ கோழியோடு அதன் 10 கிலோ உமிழ்வும் போகிறது. குப்பைமேட்டு மீத்தேன் அதற்கு மேல் வருவது.

செய்முறை சிக்கலில்லை. நான்கு தொட்டிகள்: கெட்டுப்போனது, நறுக்கும்போது கழிந்தது, சமைத்து விற்காதது, தட்டில் மிச்சமானது. ஒரு தராசு, இரண்டு வாரம். நெரிசல் நேரத்தில் எடை போடாமல் கொட்டிவிடுவார்கள், ஆகவே ஷிஃப்ட் முடிவில் தொட்டியோடு சேர்த்து நிறுக்கும்படி வைத்தால்தான் தரவு நிலைக்கும். துரித உணவகங்களில் பெரும்பாலும் மூன்றாம் தொட்டிதான் கனக்கும். காரணம் சூட்டுப்பெட்டி நேர விதி. முன்கூட்டியே சமைத்து அடுக்கி, 20 நிமிடம் தாண்டியதைக் கொட்டுகிறார்கள். விதியை நீட்டினால் தரம் போகும். மணிவாரியான விற்பனைப் பதிவை வைத்து ஒரு தடவைக்குச் சமைக்கும் அளவைச் சிறிதாக்குவதே வழி. தட்டில் மிச்சமானது மிகுந்தால் அது சமையலறைப் பிரச்சினை இல்லை, மெனு வகுத்தவர் போட்ட அளவு தவறு.

மெனுவும் ஒப்பந்தமும்

நம் கிளை விற்கும் மாட்டிறைச்சியில் பத்தில் ஒரு பங்கை வாடிக்கையாளர் கோழிக்கு மாற்றிக்கொண்டால் ஆண்டுக்கு 23 டன் குறையும். பயறு சார்ந்த உணவுக்கு மாற்றினால் 30 டன்னுக்கு மேல். எல்லா விளக்குகளையும் எல்இடி ஆக்கி 10,000 யூனிட் சேமித்தால் 5 டன். இதற்கு வாடிக்கையாளருக்கு உபதேசம் தேவையில்லை. காம்போவில் எது இயல்பாக வரும், போர்டில் எது மேலே இருக்கும், தள்ளுபடி எதற்கு, இவைதான் விற்பனையை நகர்த்துகின்றன. தாவரப் பாலுக்குக் கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டே பாலின் உமிழ்வைப் பற்றி அறிக்கை எழுதுவது முரண். ஸ்டார்பக்ஸ் அமெரிக்காவிலும் கனடாவிலும் அந்தக் கட்டணத்தை நீக்கியது 2024 நவம்பரில்தான்.

மாட்டிறைச்சியை மெனுவிலிருந்து எடுக்கப்போவதில்லை என்றால் ஒப்பந்தம்தான் மிச்சம். பால்பண்ணை வழி இறைச்சியின் பங்கு இவ்வளவு, தீவனத்தில் காடழிப்புச் சோயா இல்லை என்பதற்கான சான்று, ஆண்டுதோறும் பண்ணைத் தரவு என்று கேட்கலாம். மாட்டின் மீத்தேனைக் குறைக்கும் 3-என்ஓபி தீவனச் சேர்ப்பான் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022-ல் பால்மாடுகளுக்கு அனுமதி பெற்றது. குறைப்பு சுமார் 30 சதவீதம் என்கிறார்கள். தினமும் தீவனத்தோடு கலந்து கொடுக்க வேண்டும் என்பதால் தொழுவ மாட்டுக்குச் சரி, மேய்ச்சல் மாட்டுக்குக் கடினம். இதற்கெல்லாம் பண்ணையாருக்குச் செலவு உண்டு. ஓராண்டு ஒப்பந்தத்தையும் மிகக் குறைந்த விலையையும் கேட்கும் வாங்குபவருக்காக எந்தப் பண்ணையும் தொழுவத்தை மாற்றாது. நான்கைந்து ஆண்டு ஒப்பந்தமும் கிலோவுக்குக் கூடுதல் விலையும் கொடுத்த சங்கிலியிடம்தான் பண்ணைத் தரவு உண்மையாக வரும். அந்தப் பண்ணை அதே குறைப்பைக் கார்பன் சான்றாக வேறொருவருக்கு விற்கவில்லை என்ற உறுதியையும் ஒப்பந்தத்தில் வாங்க வேண்டும், இல்லையென்றால் ஒரே டன் இரண்டு பேர் கணக்கில் ஏறும்.

விளம்பர வாசகங்களைப் பற்றி ஒன்று. சுவீடனின் மேக்ஸ் பர்கர் 2008-லேயே மெனுவில் ஒவ்வொரு உணவின் உமிழ்வையும் அச்சிட்டது, அது துணிச்சல். அதே நிறுவனம் 2018-ல் தன் உமிழ்வில் 110 சதவீதத்தை மரம் நட்டு ஈடுசெய்வதாகச் சொல்லி “காலநிலைக்கு நன்மை தரும்” பர்கர் என்று விற்றது. ஈட்டுச் சான்றுகளை நம்பி ஒரு பொருளைக் காலநிலைக்குக் கேடில்லாதது, நன்மை தருவது என்று விளம்பரம் செய்வதை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டு உத்தரவு தடை செய்கிறது. அது 2026 செப்டம்பர் 27 முதல் செயலுக்கு வரும்படி எழுதப்பட்டது. தட்டில் உள்ளதன் உமிழ்வைக் கிராமில் அச்சிடுவதற்கு அந்த உத்தரவில் தடை எதுவும் இல்லை.